கடற்கரை வீட்டில் வீணை

கேள்வி: சிறுவயது முதல் ஆசைப்பட்ட தஞ்சாவூர் வீணையை இப்போதுதான் ஓய்வூதியப் பணத்தில் வாங்கினேன். உப்புவெளியில் கடலுக்கு அருகில் வசிப்பதால், பழுதாகிவிடுமோ என்று பயந்து உறையைக் கழற்றாமலே வைத்திருக்கிறேன். எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, திருகோணமலை

பதில்: முதலில் உறையைக் கழற்றி வாசியுங்கள், அம்மா. இவ்வளவு காலம் காத்திருந்து வாங்கிய வீணை மூடிக் கிடக்கக் கூடாது. பலாமரக் குடத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. கவனம் வேண்டியது, சுரம் பிடிக்க விரல் வைக்கும் உலோகப் பட்டைகளான 24 மெட்டுகளுக்கே. அவை தேன்மெழுகும் கரியும் கலந்த படுக்கையில் பதிக்கப்பட்டிருப்பதால், கச்சான் வீசும் வெக்கை மாதங்களில் யன்னல் வெயிலோ தகரக் கூரையின் சூடோ நேரே பட்டால் மெழுகு இளகும். மெட்டு மயிரிழை அளவு சரிந்தாலும் சுரம் சுத்தமாகப் பேசாது. அப்படி நேர்ந்தால் நீங்களாகச் சூடு காட்டி அழுத்த வேண்டாம். மெட்டுகளைச் சுரத்துக்கேற்ப மெழுகில் பதிக்கும் 'மேளம் கட்டுவது' அத்தொழிலில் பழகிய கைகளுக்கு மட்டுமே உரிய நுட்பமான வேலை.

உப்புக்காற்று தாக்குவது உருக்குத் தந்திகளைத்தான். வாசித்து முடித்ததும் விரல் வியர்வை தங்காதபடி ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, மாரி காலத்தில் ஈரச் சுவரில் சாயாமல் வீணையை வையுங்கள். துரு ஏறிய தந்தி விரலை அறுக்கும் என்பதால் மாற்றுத் தந்திகளை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.