பினாங்கு வக்கீல் சுருட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

காரைக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் ஐயா மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் பினாங்கில் வாங்கிய கடைவீட்டை ஐந்து பங்காளிகளும் சேர்ந்து விற்றோம். பணம் அங்குள்ள எங்கள் வக்கீலின் கணக்குக்கு வந்தது வரை தெரியும். எட்டு மாதமாகிவிட்டது, எங்களுக்கு ஒரு காசு வரவில்லை, அவர் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறதாம். மலேசியாவில் நஷ்டஈட்டு நிதி இருக்கிறது, இருபது சதவீதமும் ஒரு பவர் பத்திரமும் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று இங்கே ஒருவர் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அண்ணே. வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் பங்காளிகள் எல்லோருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நிதி இருப்பது நிஜம்தான். மலேசியாவின் 1976 வழக்கறிஞர் தொழில் சட்டம், 80வது பிரிவு. தொழில் நடத்தும் வக்கீல்கள் வருஷா வருஷம் கட்டும் பணத்தில் நடக்கிறது, கோலாலம்பூரில் உள்ள பார் கவுன்சில், அதாவது அங்குள்ள வக்கீல்களின் அமைப்பு, அதைப் பார்த்துக்கொள்கிறது, பினாங்கும் அதற்குள் வரும். வக்கீலோ அவருடைய குமாஸ்தாவோ தொழில் சம்பந்தமாக நேர்மையில்லாமல் நடந்து உங்களுக்கு நஷ்டம் வந்தால் அங்கே மனுப் போடலாம். நீங்களே எழுதலாம், இடையில் ஆள் வேண்டியதில்லை. ஆனால் சட்டம் சொல்வது "கொடுக்கலாம்" என்றுதான், "கொடுத்தே ஆகவேண்டும்" என்று இல்லை. கவுன்சில் பார்த்து முடிவு செய்கிற விஷயத்தை உங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் உறுதியாக வாங்கித் தருகிறேன் என்றால் அது பொய்.

சரி, அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவில்லை. விற்கும்போது ஐந்து பேரும் பினாங்கு போய்க் கையெழுத்துப் போட்டீர்களா, இல்லை யாரிடமாவது பவர் கொடுத்திருந்தீர்களா? அயல்நாட்டில் கிட்டங்கி, அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கட்டடம், வைத்திருந்த காலத்திலிருந்தே ஏஜென்ட் கையில் பவரைக் கொடுத்துக் கடையையே ஒப்படைத்து அனுப்பிய ஊர் நம் ஊர், அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறோம். உங்கள் பவரை வைத்திருப்பவரிடம் வக்கீல் பணத்தை முறைப்படி கொடுத்திருந்தால், வக்கீல் கணக்கில் அது உங்களுக்கே கொடுத்த மாதிரி. அதற்கப்புறம் அந்தப் பவர்க்காரர் அமுக்கிக்கொண்டால் அது அவர் செய்த திருட்டு, வக்கீல் செய்தது இல்லை, நிதி ஒரு ரிங்கிட் தராது. பவர்க்காரர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் இதேதான், வக்கீலும் அவரும் கூட்டுச் சேர்ந்து செய்தார்கள் என்று நிரூபித்தால் மட்டும் பேச இடம் உண்டு. ஆகவே வக்கீல் பணத்தை யாருக்கு, எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு அனுப்பினார் என்பதுதான் முதல் கேள்வி. ஆபீஸ் பூட்டியிருந்தால் அவருடைய கோப்புகள் இப்போது யார் வசம் இருக்கின்றன என்று பார் கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று, குறைகிற பணம் முழுவதும் திருட்டு என்று கணக்குப் போடாதீர்கள். விற்பவர் மலேசியக் குடிமகனும் இல்லை, அங்கே நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவரும் இல்லை என்றால் விலையில் 7 சதவீதத்தை வாங்குபவர் தரப்பே பிடித்து வரி அலுவலகத்தில் கட்டிவிடும். அது தனி, அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

விற்பனை ஒப்பந்தம், வாங்கியவர் வக்கீல் கணக்கில் பணம் போட்டதற்கான பேங்க் ஆதாரம், வக்கீலோடு நடந்த இமெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். அங்கே போலீஸில் ஒரு புகார், வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்தில் ஒரு புகார். தள்ளிப்போடாதீர்கள்.

இதே மோசடி காரைக்குடியில் நடந்திருந்தால் என்று கேட்காதீர்கள், சொல்லவே மனசு வலிக்கிறது. இங்கே அப்படி ஒரு நிதியே கிடையாது. வக்காலத்தில் என்னைப் போன்ற வக்கீல்கள் ஒட்டுகிற சேமநல நிதி ஸ்டாம்பு வக்கீல் குடும்பங்களுக்குத்தான், கட்சிக்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை. வக்கீல் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. இங்குள்ள பார் கவுன்சில் தப்பு செய்த வக்கீலைக் கண்டிக்கும், சஸ்பெண்ட் செய்யும், பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும், உங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்யாது. அதற்கு மூன்று வருஷத்துக்குள் சிவில் வழக்கு, போலீஸ் புகார் என்று நீங்கள்தான் அலைய வேண்டும். மூத்த வக்கீல்களிடம் இதைப் பேசினால் "பார்க்கலாம்" என்கிறார்கள். மலேசியா 1976லேயே சட்டத்தில் எழுதி வைத்ததை நாம் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

அந்த இருபது சதவீதக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் தேவகோட்டையில் ஒரு ஆச்சி இப்படிப்பட்ட பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் நஷ்டஈடு கோர அதிகாரம் என்று பெரிதாக இருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், "மேற்படி தொகையைப் பெற்று ரசீது கொடுக்கவும், இதர சொத்துகளை விற்கவும்" என்று ஒரு வரி, தொகை எழுத வேண்டிய இடம் காலி. ஆச்சி அதில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார், நல்லவேளை பதிவு ஆகவில்லை.

உங்கள் ஐந்து பேரில் யாராவது அந்த ஆளிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். போட்டிருந்தால் ரத்துப் பத்திரம் எழுதிப் பதிந்து, அதன் நகலை அந்த ஆளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பழைய பவர் ஏதாவது உயிரோடு இருந்தால் அதையும் இதே கையோடு ரத்து செய்யுங்கள், அது பினாங்கில் காட்டப்பட்ட பவராக இருந்தால் அங்கேயும் தெரியப்படுத்த வேண்டும். மலேசியப் பார் கவுன்சிலுக்குப் போகும் மனுவில் ஐந்து பேரும் நேராகவே கையெழுத்துப் போடுங்கள்.