வேலூரில் பல ஊர்க்காரர்கள் கலந்து வாழும் அபார்ட்மெண்டில் ஃபிளாட் வாங்கலாமா?

கேட்டவர் தோட்டப்பாளையத்தில் ஒரு பழைய ஃபிளாட் பார்த்திருக்கிறார். எதிர்வீட்டில் உருது பேசும் முஸ்லிம் குடும்பம், பக்கத்தில் வங்காளிகள், கீழ்த்தளத்தில் கேரளத்து நர்ஸ்கள். வீட்டுப் பெரியவர்கள் "நம்ம ஆளுங்க இருக்கிற இடமா பாரு" என்கிறார்களாம். இருக்க ஒத்துவருமா, நாளைக்கு விற்றால் விலை போகுமா என்பது கேள்வி.

அதே பக்கத்தில் சொந்த ஃபிளாட்டில் குடியிருக்கிறேன். என் பதில் இது: பக்கத்து வீட்டுக்காரர் என்ன மொழி, என்ன சாமி என்று பார்க்காதீர்கள். அந்தக் கட்டடத்தில் எத்தனை வீட்டில் உரிமையாளரே குடியிருக்கிறார் என்று பாருங்கள். வேலூரில் ஒரு அபார்ட்மெண்ட் உருப்படுவதும் உருப்படாமல் போவதும் அதில்தான் இருக்கிறது.

கலப்பு என்பது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. ஆற்காட்டு நவாபு காலத்திலிருந்தே உருது இருக்கிறது. சித்தூர் 1911 வரை வேலூரோடு சேர்ந்து வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் தெலுங்கும் வெளியூர் மொழி இல்லை. 1900இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி முதலில் மலையாளிகளையும், அப்புறம் கல்கத்தா, ஜார்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று நோயாளிகளையும் கொண்டுவந்து சேர்த்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடியில் விஐடி பல்கலைக்கழகப் பிள்ளைகள். காந்தி ரோடு லாட்ஜ் போர்டுகளில் தமிழைவிட வங்காள எழுத்து பெரிதாக இருக்கும்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். ஆஸ்பத்திரியைச் சுற்றி நிறைய ஃபிளாட்டுகளை உரிமையாளர்கள் நோயாளிக் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கோ வார வாடகைக்கோ விடுகிறார்கள். உரிமையாளர் சென்னையிலோ துபாயிலோ இருப்பார். சாவி ஒரு புரோக்கரிடம் இருக்கும். எங்கள் தெருவில் அப்படி ஒரு கட்டடம் இருக்கிறது. வாசலில் செருப்பு மலை, மாடி முழுக்கக் கொடியில் துணி. லிஃப்ட் கதவில் தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் "இரவு 11 மணிக்கு மேல் மோட்டார் போடாதீர்கள்" என்று ஒட்டியிருக்கிறார்கள். அந்த லிஃப்ட் மாதக்கணக்கில் ஓடவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து மூன்றாவது மாடிக்குத் தூக்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். தங்குகிறவர்கள் மேல் குற்றமே இல்லை, பாவம், பத்து நாளில் ஊருக்குப் போகிறவர்கள் லிஃப்டுக்கு ஏன் பணம் கட்டப் போகிறார்கள்? கட்ட வேண்டிய ஆள் ஊரில் இல்லை. அசோசியேஷன் கூட்டம் போட்டால் கூட்டியவர் மட்டும்தான் வருவார்.

எங்கள் கட்டடத்திலும் எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் உரிமையாளர்களே குடியிருப்பதால் சண்டை போட்டாவது காரியம் நடந்துவிடுகிறது. பணத்தில் கறார் காட்டும் எங்கள் செக்ரட்டரி ஒரு உருது டீச்சர். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தால் யாரையும் விடமாட்டார்.

ஆகவே பார்க்கப் போகும்போது வாட்ச்மேனிடம் பேச்சு கொடுங்கள். எத்தனை வீடு நோயாளிகளுக்கு விட்டிருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். மெயின்டனன்ஸ் வரவு செலவுக் கணக்கையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

"நாங்களும் நோயாளிகளுக்கு விட்டுச் சம்பாதிக்கலாமே" என்று தோன்றும். அந்தக் கணக்கை நம்பி கடன் வாங்காதீர்கள். சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு சில பிரிவுகள் அங்கே போய்விட்டன. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து விசா குறைந்தபோது அந்த வருமானத்தை நம்பியிருந்தவர்களுக்கெல்லாம் அடி. தவிர, வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அவர் விவரத்தைப் பதிய வேண்டும். அது லாட்ஜுக்கு மட்டும் உள்ள சட்டம் இல்லை, வீட்டுக்காரருக்கும் பொருந்தும்.

விற்பனை விலை பற்றி. சில கட்டடங்களில் "சைவம் மட்டும்" என்பார்கள். சாப்பாட்டு விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள், யாரை உள்ளே விடக்கூடாது என்பதற்கு வைத்த மரியாதையான பெயர் அது. அப்படிப்பட்ட இடத்தில் வாங்கினால் நாளைக்கு விற்கும்போது உங்களுக்கும் அதே கட்டுப்பாடுதான். இந்த ஊரில் கையில் பணத்தோடு வீடு தேடுகிறவர்களில் முஸ்லிம் வியாபாரிகள் உண்டு, மலையாளி ஸ்டாஃப் உண்டு. அவர்களையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு விலை வரவில்லை என்று புலம்பி என்ன பயன்? கலந்திருக்கும் கட்டடத்தில் வாங்க வருகிறவர்கள் அதிகம், எனக்குத் தெரிந்து விலையும் நிற்கிறது.

இனி பத்திரம். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா எல்லாவற்றையும் நீங்களே ஏற்பாடு செய்த வக்கீலிடம் காட்டுங்கள், புரோக்கர் காட்டும் வக்கீல் வேண்டாம். 8 வீட்டுக்குள் அடங்கும் கட்டடத்துக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு தேவையில்லை என்பதால் பலர் எட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கே நீங்கள்தான் கூடுதலாகத் துருவ வேண்டும். யுடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு, எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடியில் 8 வீடு என்றால் ஒருவருக்கு 300 சதுர அடி மண். கட்டடம் பழசாகப் பழசாக உங்கள் கையில் மிஞ்சும் மதிப்பு அதுதான்.

செலவிலும் வித்தியாசம் உண்டு. பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கட்டியவரிடம் முதல் ஆளாக வாங்கினால், 2023 டிசம்பரிலிருந்து 50 லட்சம் வரை 4 சதவீதமும் பதிவுக்கு 2 சதவீதமும்தான். பேரம் பேசும்போது இதைச் சொல்லிக் குறைத்துக் கேட்கலாம்.

தண்ணீர். வேலூரைக் கேலி செய்யும் பழைய வசனத்தில் தண்ணீரில்லாத ஆறும் ஒன்று. ஆனால் 2021 நவம்பரில் அதே பாலாறு கரைபுரண்டது. கன்சால்பேட்டை மாதிரி நிக்கல்சன் கால்வாயை ஒட்டிய தாழ்வான இடங்களில் மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும், அங்கே தரைத்தளம் வேண்டாம். காவிரிக் குடிநீர் சம்ப்புக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா, மே மாதம் எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்று விற்கிறவரிடம் கேட்காமல் அங்கே வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்மணியிடம் கேளுங்கள். கடைசி மாடி என்றால் மதியம் மூன்று மணிக்குப் போய், மின்விசிறியைப் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.