படுக்கையறை போர்டிலிருந்து அடுப்புக்கு வயர் இழுக்கலாமா?

கேள்வி: எங்கள் சமையலறையில் ஒரே ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது. அதை மைக்ரோவேவ் அவன் பிடித்துக்கொண்டது. புதிதாக வாங்கிய 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டுகிறோம். சுவருக்கு மறுபக்கம் படுக்கையறை சுவிட்ச் போர்டு இருக்கிறது. சுவரில் துளை போட்டு, அதிலிருந்து வயர் இழுத்து ஒரு சாக்கெட் வைக்க நினைக்கிறேன். டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் கைவசம் உண்டு. நானே செய்யலாமா?

பதில்: அந்த போர்டிலிருந்து வேண்டாம். நீங்கள் செய்தாலும் சரி, கைதேர்ந்த எலெக்ட்ரீஷியன் செய்தாலும் சரி. துளை போட்டு சாக்கெட்டைத் திருகுவது சின்ன வேலை. சிக்கல், ஏற்கெனவே சுவருக்குள் ஓடும் வயரில் இருக்கிறது.

230 வோல்ட் மின்சாரத்தில் உங்கள் அடுப்பு ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட சர்க்கியூட்டில் பெரும்பாலும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) தான் இருக்கும், பழைய வீடுகளில் வயர் அதைவிட மெலிதாகவும் இருக்கலாம். 6 ஆம்பியரைத் தாண்டிய நொடியே எம்.சி.பி. விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. அளவைப்போல் 1.45 மடங்கு மின்சாரம் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதே அதற்கான தரவிதி. 6-ஐ 1.45-ஆல் பெருக்கினால் வருவது 8.7. உங்கள் அடுப்பு சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது.

அதன்பின் நடப்பது எனக்கு மனப்பாடம். முதல் சில நாள் எல்லாம் நன்றாக ஓடும். ஒருநாள் அடுப்போடு படுக்கையறை மின்விசிறியும் விளக்குகளும் சேர்ந்து ஓடும்போது எம்.சி.பி. விழும். பிறகு அடிக்கடி விழும். பார்க்க வருகிறவர் “இது வீக் ஆகிவிட்டது” என்று சொல்லி, 20 ஆம்பியர் ஒன்றை மாட்டிவிட்டுப் போவார். தொல்லை தீர்ந்தது என்று நீங்களும் மகிழ்வீர்கள். உண்மையில் தீர்ந்தது வயருக்கு இருந்த காவல். மின்சாரம் இரு மடங்கானால் வயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும்; பூச்சுக்குள் புதைந்த வயர் சூடேறுவது யார் கண்ணிலும் படாது. எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பதற்கு. வயரை மாற்றாமல் அதை மட்டும் பெரிதாக்குவதுதான் வீட்டு மின்வேலைகளில் நான் காணும் மிக மோசமான தவறு.

உங்களுக்குத் தேவை டி.பி. பாக்ஸிலிருந்தே, அதாவது வீட்டின் எம்.சி.பி.கள் எல்லாம் இருக்கும் பெட்டியிலிருந்தே, வரும் தனி வயர். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் செம்பில், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர்; தூரம் அதிகமென்றாலோ ஒரே பைப்பில் பல வயர்கள் நெருக்கியடித்துப் போனாலோ 4. அதற்கென்று தனியாக ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி. வேண்டும். வழியில் இணைப்பே இல்லாதிருப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸில் இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றிச் சுவருக்குள் பூசி மறைக்கவே கூடாது.

“ஃபேஸ் மட்டும் புதிதாக இழுப்போம், நியூட்ரலைப் பக்கத்து போர்டில் எடுத்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அடுப்பின் முழு மின்சாரமும் அந்த மெல்லிய நியூட்ரல் வழியாகத்தான் திரும்பும், அதைக் காக்க எம்.சி.பி. எதுவும் இராது. எர்த் வரவில்லை என்பதற்காக சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைப்பதும் உண்டு. எங்காவது நியூட்ரல் அறுந்தால் அடுத்த நொடி கருவியின் உலோக உடலில் மின்சாரம் நிற்கும்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்கசிவு ஆளின் வழியாக நிலத்துக்குப் பாயும்போது எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உணர்ந்து துண்டிக்கும். ஈரக்கை புழங்கும் சமையலறைக்கு அது அவசியம்.

நீங்களே செய்யலாமா? இடத்தைக் குறிப்பதும், சுவரில் காடி வெட்டுவதும் உங்களால் முடியும். காடி சாக்கெட்டிலிருந்து நேர் மேலாகவோ நேர் கிடையாகவோ செல்லட்டும்; குறுக்கே சாய்த்து வெட்டினால் பின்னாளில் ஆணி அடிப்பவருக்கு வயர் எங்கே ஓடுகிறது என்பது தெரியாது. டி.பி. பாக்ஸைத் திறப்பது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை. பல இடங்களில் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் அதற்குள் வந்து சேரும் முனைகளில் மின்சாரம் இருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் அதன் லைன் உயிரோடுதான் இருக்கும்; இதை மறந்து அடி வாங்கியவர்களில் நானும் ஒருவன். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து வயரைத் தொடாதீர்கள். மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் முன்னும் பின்னும் வைத்துப் பார்த்து, டெஸ்டரே வேலை செய்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் அடுப்பை முழு வெப்பத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் ஊசிகளுக்கு அருகே கையை வைத்துப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இருக்கலாம். தொட முடியாத சூடு என்றால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது, வந்தவரையே திரும்ப அழையுங்கள்.

அதுவரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வைத்துவிடுங்கள். மைக்ரோவேவைக் கழற்றிவிட்டு, அடுப்பை நேராக அந்த 16 ஆம்பியர் பாயிண்ட்டில் சொருகுங்கள்.