எட்டு ஆண்டு பாலிசியை ஒரே கடிதத்தில் ரத்து செய்யலாமா?

கேள்வி: 2017 முதல் அம்மாவுக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறேன். ஓர் ஆண்டுகூடப் புதுப்பிக்கத் தவறியதில்லை. 2023-ல் 10 லட்சமாக உயர்த்தினேன். இதய சிகிச்சைக்கு 7 லட்சம் கேட்டதும், ‘2017-லேயே சர்க்கரை நோயை மறைத்துவிட்டீர்கள், பாலிசி ரத்து’ என்று கடிதம் வந்திருக்கிறது. ‘இதை விடுங்கள், வேறு நிறுவனத்தில் புதிதாக எடுத்துத் தருகிறேன்’ என்கிறார் முகவர். என்ன செய்வது?

பதில்: முகவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புதிய பாலிசி எடுத்தால், அம்மாவின் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் காப்பீடு கிடைக்க மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரும். முகவருக்குக் கமிஷன் கிடைக்கும். உங்களுக்கு எட்டு ஆண்டு உரிமை போய்விடும். 2017-ல் விண்ணப்பத்தை யார் நிரப்பினார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். நோய் உண்டா என்ற இடத்தில் எல்லாம் ‘இல்லை’ என்று தாமே எழுதிவிட்டு, கையெழுத்தை மட்டும் வாங்கிப் போகும் முகவர்களால் சீரழிந்த குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இடைவெளியின்றி 60 மாதங்கள் பிரீமியம் கட்டிய பாலிசியை, ‘நோயைச் சொல்லவில்லை’ என்ற காரணத்துக்காக நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. முன்பு எட்டு ஆண்டுகளாக இருந்த இந்தக் கெடுவை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் ஐந்தாகக் குறைத்தது. மோசடி என்றால் மட்டும் ரத்து செய்யலாம். அதையும் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். இவ்வளவு தெளிவான விதி இருந்தும் நோயாளி வீட்டுக்கு இப்படிக் கடிதம் அனுப்பத் துணிகிறார்கள் என்றால், பாதிப்பேர் பயந்து ஒதுங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 2023-ல் கூட்டிய 5 லட்சத்துக்கு அந்த 60 மாதங்கள் 2023-லிருந்துதான் தொடங்குகின்றன. பழைய 5 லட்சத்தில் அவர்கள் கைவைக்க முடியாது. மீதி 2 லட்சத்துக்கு வாதாட இடம் உண்டு. இதைக் காட்டி மொத்தத் தொகையையும் மறுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிக் கேளுங்கள்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ‘பணம் வாங்கித் தருகிறேன், சதவீதம் கொடுங்கள்’ என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். நிறுவனம் கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஆம்பட்ஸ்மேனிடம் மனு போய்ச் சேர வேண்டும். ஆகவே அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு பத்திரமாக வைத்திருங்கள்.