முதல் விவாதம் பார்க்கக் காத்திருக்கும் புதுக் குடிமகனுக்கு

தம்பி, குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு முதல் அதிபர் வேட்பாளர் விவாதத்துக்காகக் காத்திருப்பதாக ஹூஸ்டனிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அதை எப்படிப் பார்ப்பது, அதை வைத்து ஓட்டை முடிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிவி இருக்கட்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்று முதலில் பாருங்கள். விவாதங்கள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில்தான் வரும். உங்கள் டெக்சஸ் மாநிலத்தில் பதிவுக் கெடு தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்துவிடும். விவாதத்தின் சூட்டில் "பதிய வேண்டும்" என்று எழுந்தால் கெடு தாண்டியிருக்கலாம். இங்கே புதிதாக ஆன்லைனில் பதிய முடியாது. ஓட்டுநர் உரிமத்தை ஆன்லைனில் புதுப்பிக்கும்போது மட்டும் விதிவிலக்கு. மற்றபடி படிவத்தில் கையெழுத்துப் போட்டு உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதிவாளருக்கு அனுப்ப வேண்டும்.

நம்மவர்கள் இடறுவது இரண்டு இடத்தில். ஒன்று, அப்பா பெயரா குடும்பப் பெயரா என்ற நம் பழைய குழப்பம். உரிமத்தில் உள்ளபடியே பதிவிலும் எழுதுங்கள். மற்றது, உரிமத்துக்கான பதிவேட்டில் நீங்கள் இன்னும் கிரீன் கார்டுக்காரராகவே இருப்பது. 2019 ஜனவரியில் டெக்சஸ் அரசு ஏறத்தாழ 95,000 வாக்காளர்களைக் குடிமக்களாக இல்லாதிருக்கலாம் என்று சந்தேகப் பட்டியலில் போட்டது. பழைய உரிமத் தகவலை நம்பிப் போட்ட பட்டியல் அது. முறையாகக் குடியுரிமை பெற்ற ஆயிரக்கணக்கானோர் அதில் சிக்கினார்கள். குடியுரிமைச் சான்றிதழோடு உரிம அலுவலகத்துக்குப் போய் அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.

இனி விவாதம். கிழக்கு நேரம் இரவு 9 என்றால் உங்களுக்கு 8. ஊரில் மறுநாள் காலை 6:30. அன்றைய விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள், அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. 1988 முதல் 2020 வரை ஒரு தனி ஆணையம் நடத்தியது. 2024-இல் இரு தரப்பும் நேரடியாகத் தொலைக்காட்சிகளோடு பேசி முடித்துக்கொண்டன: 90 நிமிடம், அரங்கில் பார்வையாளர் கிடையாது, குறிப்புகள் கொண்டுவரக் கூடாது, ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் அணைந்திருக்கும். மைக்கை அணைப்பதற்கு விதை 2020 செப்டம்பர் 29 கிளீவ்லாந்து விவாதம். யார் பேசுகிறார்கள் என்றே புரியாத அளவு குறுக்கீடு. அடுத்த நாஷ்வில் விவாதத்திலேயே மைக்கை அணைக்கும் ஏற்பாடு வந்தது.

உங்களுக்கு முக்கியமான மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி வந்ததும் குறித்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் வந்ததா என்று மட்டும் பாருங்கள். இரண்டு நிமிடப் பதிலில் சில நொடிகள்தான் கேள்விக்கு, மிச்சம் மனப்பாடம். முடிந்ததும் டிவியை அணைத்துவிடுங்கள். விவாதம் முடிந்ததும் கட்சிக்காரர்கள் நிருபர்களிடம் பேசும் ஸ்பின் ரூமில் நின்று "எங்கள் ஆள் வென்றுவிட்டார்" என்று சொல்வதற்கென்றே ஆட்கள் வருவார்கள். மறுநாள் எழுத்துவடிவை வாசிப்பது மேல்.

ஓட்டை அது மாற்றுமா? 2012 அக்டோபரில் டென்வரில் ஒபாமா சொதப்பினார், தேர்தலில் ஜெயித்தார். 2024 ஜூன் 27 விவாதத்துக்குப் பிறகு பைடன் ஒரு மாதத்துக்குள் போட்டியிலிருந்தே விலகினார். எனவே பொதுவிதி எதுவும் இல்லை. அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகள் மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்டவை; டெக்சஸுக்கு 40 உண்டு. 1980 முதல் இங்கே அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிதான் வென்றிருக்கிறது. ஆனால் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியின் வாக்குச்சீட்டு முழ நீளம். நீதிபதிகளைக்கூட இங்கே தேர்ந்தெடுக்கிறோம். அவர்களுக்கு எந்த டிவி விவாதமும் நடக்காது. ஒரே தட்டில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஓட்டுப் போடும் வசதியும் 2020 முதல் இல்லை. விவாதத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியை அந்தப் பெயர்கள் பக்கம் திருப்புங்கள்.

மனைவி இன்னும் கிரீன் கார்டில் இருந்தால், உரிம அலுவலகப் படிவத்தில் "வாக்காளராகப் பதிய விருப்பமா" என்ற கட்டத்தில் தவறியும் டிக் போட வேண்டாம். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகக் கொள்ளப்பட்டால் நாடு கடத்தும் வரை போகும்.

வாக்குச்சாவடிக்குள் போனைத் தொடக் கூடாது, அதனால் நீங்கள் தேர்ந்தெடுத்த வேட்பாளர்களின் பெயர்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். விவாதத்தன்று குறிப்பெடுத்த அதே தாளின் பின்பக்கம் போதும்.