வெளிநாட்டில் இங்கிலிஷ் படிப்பித்தால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் இங்கிலிஷ் படிப்பிக்கிறேன். தென்கொரியாவில் இதே வேலை செய்பவர்கள் சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடிக்கிறார்களாம். என் சிநேகிதியோ மாலைதீவுக்கு வா என்கிறாள். எங்கே போனால் வசதியாக இருக்கலாம்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொரியாவை விடுங்கள் தங்கச்சி. அங்கே இதற்கென்று இருக்கும் ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்ற 7 நாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குத்தான். உங்கள் இங்கிலிஷ் எவ்வளவு திறமென்றாலும் அதை அவர்கள் பார்க்கப்போவதில்லை. அநியாயம்தான், ஆனால் சட்டம் அப்படி. அவர்கள் மிச்சம் பிடிப்பதும் சம்பளம் கொட்டுவதால் அல்ல, இருக்க வீட்டையோ அதற்கான காசையோ வேலை கொடுப்பவரே பெரும்பாலும் தந்துவிடுவதால்தான்.

மாலைதீவு நமக்கு நடக்கக்கூடிய இடம். விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம், பாடசாலைகளில் படிப்பு இங்கிலிஷில், நம் ஆட்களும் இந்திய ஆசிரியர்களும் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மாலேயில் வீட்டு வாடகை பயங்கரம், காய்கறிகூடப் பெரும்பாலும் கப்பலிலோ விமானத்திலோதான் வருகிறது, அதனால் சம்பளத்தை இலங்கை ரூபாவில் பெருக்கிப் பார்த்து மயங்காமல், வாடகை யார் தலையில் என்று முதலில் கேளுங்கள். அதைவிடப் பெரிய விஷயம், சம்பளம் டொலரிலா, மாலைதீவுக் காசான ருஃபியாவிலா என்பது. அரச கணக்கில் ஒரு டொலர் 15.42 ருஃபியா, ஆனால் வங்கியில் அந்த விலைக்குத் தேவையான அளவு டொலர் கிடைப்பதில்லை; வெளியில் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வீட்டுக்கு அனுப்பும்போது, ஒப்பந்தத்தில் பார்த்த தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். சிநேகிதியிடம் சம்பளத்தைக் கேட்காதீர்கள், போன மாதம் அம்மாவுக்கு எவ்வளவு அனுப்பினாய் என்று கேளுங்கள்.

துபாய் பக்கம் என்றால் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அங்கேயும் ஒரே பாடசாலையில் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு ஒரு சம்பளம், நமக்கு ஒரு சம்பளம் என்பது நடக்கிறதுதான். அப்புறம், உறவினர் வீட்டில் தங்கி நின்று வேலை தேடாமல் இங்கிருந்தே விண்ணப்பியுங்கள்: அங்கே வைத்து வேலைக்குச் சேருபவர்களுக்கு வீடும் டிக்கெட்டும் கொடுக்காமல் விடும் பாடசாலைகள் உண்டு. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்றும் பாருங்கள். ஒரு வருடம் முடித்தவர் விலகும்போது, முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில்தான் பணிக்கொடை வரும், ஆகவே அடிப்படையைச் சின்னதாக்கி மீதியைக் கொடுப்பனவு என்று எழுதியிருந்தால் நட்டம் உங்களுக்கு.

எங்கே போனாலும் பட்டச் சான்றிதழை பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டி வரலாம், பொலிஸ் நற்சான்றிதழும் கேட்பார்கள். இரண்டையும் இப்போதே தொடங்குங்கள்.

கேள்வி: தாய்லாந்தில் இங்கிலிஷ் ஆசிரியர் வேலை, சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு முகவர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். சுற்றுலா விசாவில் படிப்பிப்பது அங்கே குற்றம், பிடிபட்டால் அகப்படுவது நீங்கள், முகவர் இல்லை. முறையாகப் போவதென்றால் வேலைக்கென்று தரும் நொன்-பி விசாவும் வேலை அனுமதியும் வேண்டும், அதற்கான கடிதங்களைப் பாடசாலைதான் தரவேண்டும். அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.