50 பேரலுக்கு ஏற்றிய அலாரம்

வணக்கம் ஐயா. திருவொற்றியூர் பையன் நான், கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரு ரிக்கில் மட் லாக்கர்; கிணற்றுக்குள் ஓடித் திரும்பும் 'மட்' என்ற சேற்றுக் கலவையைக் கண்காணிப்பது என் வேலை. கிக் (நிலத்தடி கேஸோ எண்ணெயோ கிணற்றுக்குள் புகுவது) வருவதை முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் ஒன்றைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஓயாமல் கத்துகிறது, துளையிடும் எந்திரத்தை இயக்கும் டிரில்லர் திரும்பியே பார்ப்பதில்லை. இனி டிரில்லர் வேலையே இருக்காது என்கிறார்கள். நான் டேட்டா சயின்ஸ் படிக்கலாமா? பிட் (மட் டேங்க்) அளவு கூடினால் அடிக்கும் அலாரத்தை 50 பேரல் கூடினால்தான் அடிக்கும்படி ஏற்றிவிட்டேன், இப்போது தொந்தரவு இல்லை.

அன்புள்ள தம்பி,

என்ன படிப்பது என்பதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். டிரில்லர் வேலை எங்கும் போகாது. உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன்; சில நாளாக இதே யோசனையில் இருக்கிறேன்.

யாரைக் கேட்டு 50க்கு ஏற்றினீர்கள்? ஒரு பேரல் 159 லிட்டர்; 50 பேரல் 7,950 லிட்டர். உங்கள் தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கொஞ்சம்தான் குறைவு. அவ்வளவு கேஸ் கிணற்றுக்குள் நுழைந்த பிறகு மணி அடித்து என்ன பயன்?

மென்பொருள் சும்மா கத்தவில்லை. மட் டேங்குகளைப் பார்த்துக்கொள்ளும் டெரிக்மேன் மட்டை ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார், அதை யாரும் அதனிடம் சொல்வதில்லை. பம்பை நிறுத்தியதும், கிணற்றிலிருந்து மட் திரும்பும் குழாயான ஃப்ளோலைனில் நிற்கும் மட் பிட்டுக்கு வடிகிறது. அதையும் கிக் என்று எண்ணுகிறது. மட் ஓட்டத்தை அளக்கும் பேடிலுக்கு அடியில் கட்டிங்ஸ் (பாறைத் துகள்) அடைத்தால் பேடில் தூக்கியபடியே நிற்கும். நுரை கட்டினால், டேங்க் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார் நுரையையும் மட் என்றே படிக்கும்.

செய்ய வேண்டியது இது. மட் மாற்றுவதற்கு முன்பே எந்த டேங்க், எத்தனை பேரல் என்று டெரிக்மேன் உங்களுக்கும் டிரில்லருக்கும் போனில் சொல்லட்டும். அதைப் பதியுங்கள். முடிந்ததும் அளவைச் சரிபாருங்கள். புதுப் பைப் சேர்க்கப் பம்பை நிறுத்தும் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் எத்தனை பேரல் வடிந்தது, எத்தனை நிமிடத்தில் நின்றது என்று குறித்து, முந்தையதோடு ஒப்பிடுங்கள். வழக்கமாக நிற்கும் நேரம் தாண்டியும் வடிந்துகொண்டே இருந்தால் அது வேறு சமாச்சாரம், கிக்காக இருக்கலாம்.

2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா, மக்கோண்டோ எண்ணெய்க் கிணறு வெடித்த நாள். அன்று பகலில் பக்கத்துக் கப்பலுக்கு மட் அனுப்பினார்கள், டேங்குகளையும் மாற்றினார்கள். கொள்ளளவுக் கணக்கு குழம்பிப்போனது. இரவு 9 மணிக்கு மேல் பம்பு நின்றிருந்த ஐந்தரை நிமிடத்தில் டிரில் பைப் அழுத்தம் 1,017லிருந்து 1,263 பிஎஸ்ஐக்கு ஏறியது. பம்பு நின்றால் முள் அசையக் கூடாது. எண் திரையில்தான் இருந்தது. அந்த நேரத்தில் யாராவது திரையில் ஓடும் அந்த ஒரு கோடையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியும் என்ற நிலை. பொது அலாரமோ, பொய் அலாரத்தில் ஆட்களின் தூக்கம் கெடுமென்று, தானாக அடிக்காதபடி வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் சாட்சியம் வந்தது. 11 பேர் செத்தார்கள். தொந்தரவு இல்லை என்கிறீர்களே, அந்த அலாரத்தை அப்படி வைத்தவர்களும் அதைத்தான் விரும்பினார்கள்.

டிரில்லர் மதிக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 'கிக் வாய்ப்பு 80%' என்று மட்டும் திரை சொன்னால் அவர் எதை நம்புவார்? பிட் அளவு, ஃப்ளோ அவுட் (வெளிவரும் மட்), பம்பு ஸ்ட்ரோக் (பம்பு அடிக்கும் எண்ணிக்கை), அழுத்தம் நான்கையும் கடைசி அரை மணிக்கு ஒரே திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எது முதலில் நகர்ந்தது என்று பார்த்துவிட்டு அவரே முடிவெடுப்பார்.

அடுத்த முறை ரிக் ஏறியதும் டிரில்லரிடம் சொல்லிவிட்டு அலாரத்தை 10க்கு இறக்குங்கள். சந்தேகம் வந்தால், பம்பை நிறுத்திக் கிணறு தானாக வழிகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ செக் கேளுங்கள். திட்டுவார், திட்டட்டும்.